நெற்றி என்று எழுதிய குழாய்

வைத்தியசாலையில் எங்கள் அறைக்கு வெளியே சுவரில் சாத்தி வைத்திருந்த ஆறு பலகைகளும் என்னை வீட்டுக்கு அனுப்புவதற்காக வந்தவை. மூன்று மாதத்தில் அந்த அறையால் பயன் எதுவும் இல்லையென்றால், பலகைகளை உள்ளே அடித்து, பஞ்சும் கட்டுத்துணியும் அடுக்கி வைக்கும் அறையாக மாற்றிவிடுவதென்று டாக்டர் முன்னமே சொல்லியிருந்தார். ஆசாரி வந்து சுவரை அளந்துவிட்டும் போயிருந்தார். தினமும் காலையில் அந்தப் பலகைகளைத் தாண்டித்தான் நான் வேலைக்குப் போவேன். தாண்டும்போது அவற்றைப் பார்ப்பதில்லை என்று ஒரு வைராக்கியம்.

பதுளைக் கடைத்தெருவில் அப்பாவுக்கு ஒரு மளிகைக் கடை. எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த முதல் ஆள் நான்தான். அதற்குமுன் ஊரிலிருந்து கடிதம் வந்தால் அப்பா அதை எடுத்துக்கொண்டு பக்கத்துத் துணிக்கடைக்குப் போவார். அங்கே யாராவது உரக்கப் படிப்பார்கள். எங்கள் வீட்டு விஷயம் தெருவுக்கே தெரியும். எனக்கு எட்டு வயதானபோது அந்த நடை நின்றது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தமிழோடு இங்கிலீஷும் படித்து முடித்தேன். அடுத்தது கல்யாணம் என்று அம்மா பாத்திரங்களைச் சேர்க்க ஆரம்பித்த சமயத்தில், வைத்தியசாலையில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த, கண்ணாடிக் குப்பி கழுவக் கூச்சப்படாத ஒரு பெண் வேண்டும் என்று செய்தி வந்தது. இரண்டும் எனக்குப் பொருந்தின. மூன்று மாதம் போய்ப் பார்க்கட்டும் என்றார் அப்பா. அதற்குள் எனக்குச் சலித்துவிடும் என்று அம்மா நம்பினாள்.

ஊரெல்லாம் இருமிய வருஷம் அது. தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்களைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூலிகள் குடியிருக்கும் வரிசை வீடுகளில், லயத்துக்கு லயம் அடுப்பு எரியாமல் கிடந்ததாகச் சொன்னார்கள். இருமலில் வரும் சளியிலிருந்து ஒரு சிறு கிருமியைத் தனியே பிரித்து, உயிரோடு கொழும்புக்கு அனுப்பச் சொல்லி டாக்டருக்கு உத்தரவு வந்திருந்தது. அதற்காகத்தான் அந்த அறை.

என் வேலை பாதி சமையல். இறைச்சியை வேகவைத்து வடித்த சாற்றில் கடற்பாசியைக் கரைக்க வேண்டும். அது எங்கள் கடையிலேயே இருந்த சரக்கு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் பால் ஊற்றி இனிப்புச் செய்ய வாங்குவார்கள். கொஞ்சம் ஆறியதும், சந்தையில் ஆடு அறுப்பவரிடம் அன்று காலை வாங்கிய இரத்தத்தைக் கலந்து, மூடியுள்ள கண்ணாடித் தட்டுகளில் ஊற்றுவேன். சிவப்பாக உறையும். அந்தக் கூழ்தான் கிருமிக்குச் சாப்பாடு. பிளாட்டினக் கம்பியை விளக்கில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, சளியைத் தொட்டுக் கூழின் மேல் இழுத்து, செம்புச் சூட்டுப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமியின் வம்சம். பதுளைக் குளிருக்கு அந்தப் பெட்டியின் கீழே மண்ணெண்ணெய் விளக்கு அணையாமல் எரிய வேண்டும். அதுவும் என் பொறுப்பு.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கோபமாகக் கத்தமாட்டார், கத்தியிருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும்படி பேசாமல் இருப்பார். கிருமி தனியே இருக்க வேண்டும், ஒரு தட்டில் ஒரு வம்சம்தான் இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். அந்த அறைக்குள் பூ, வளையல், திருநீறு மூன்றும் கூடாது. வாசலிலேயே கேட்பார்.

"நெத்தியைத் துடைச்சிட்டீரோ?"

"துடைச்சிட்டேங்க ஐயா."

துடைத்திருப்பேன், அரைகுறையாக. அம்மா குளித்துவிட்டு வந்த ஈரக் கையோடு என் நெற்றியில் மூன்று விரலால் இழுத்து விடுவாள். அது காய்ந்தால் தலைமுடி ஓரமெல்லாம் பொடி நிற்கும். வைத்தியசாலைக் கேட்டில் நின்று முந்தானையால் ஒரு தேய்ப்பு. இங்கிலீஷ் படித்தும் நெற்றி நிறைய நீறோடு நடக்கிறேன் என்பதில் எனக்குக் கடைத்தெருவில் ஒரு பெருமை இருந்தது. அதை முழுக்க அழிக்க மனம் வராது. கொஞ்சம் சாம்பல் என்ன செய்துவிடும் என்றும் நினைத்தேன்.

அம்மாவிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"அந்த ரூமுக்குள்ள பூசக்கூடாதாம்மா."

"ஏன், அங்க என்ன இருக்கு?"

"நோய்க்கிருமி."

"அப்ப அங்க போறவளுக்குத்தான்டி திருநீறு வேணும்" என்று அன்றைக்கு இரண்டு பங்காகப் பூசிவிட்டாள்.

சிறு கிருமியின் கதைக்கு வருகிறேன். சளியை முதல் தட்டில் இழுக்கும்போது அது வரும். பலவகைக் கிருமிகளின் புள்ளிகளுக்கு நடுவே, பனித்துளியை ஊசி முனையால் எடுத்து வைத்ததுபோல் நிறமே இல்லாமல் இருக்கும். அதை மட்டும் தொட்டெடுத்து, சுத்தமான இரண்டாவது தட்டுக்கு மாற்றினால் செத்துப்போகும். மறுநாள் தட்டு வெறுமையாகச் சிவந்து கிடக்கும். கூழை மாற்றினோம், சூட்டைக் கூட்டினோம், குறைத்தோம். பதினோரு தட்டு அப்படிப் போயிற்று. ஒவ்வொரு வெறும் தட்டுக்கும் டாக்டர் ஒரே சொல்தான் சொல்லுவார்: "சரி." அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வெளியில் இருக்கும் பலகைகள் கண்ணில் வந்து நிற்கும்.

நாள் ஆக ஆக இருமல்காரர்கள் குறைந்தார்கள். ஊருக்கு அது நல்லது. எனக்குப் பயம் பிடித்தது. கடைசியாக ஒருத்திதான் இருந்தாள். மடுல்சீமைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள், முப்பது வயது இருக்கும். ஏறிய காய்ச்சல் இறங்கி, வாய் மட்டும் முழுப் பலத்தோடு இருந்தது. சளி வாங்கக் கண்ணாடிக் குப்பியை நீட்டினால் தொடங்கிவிடுவாள்.

"என்ன தங்கச்சி, தெனமும் வந்து எஞ் சளிய வாங்கிட்டுப் போறீங்க. எங்க தோட்டத்துல கொழுந்துக்குக்கூட இம்புட்டு மரியாதை இல்ல."

"பேசாமத் துப்புங்கக்கா."

"துப்புறேன். நெறை பாத்து நல்லதா எடுத்துக்குங்க. அப்புறம் முத்தலுன்னு கங்காணி மாதிரி தள்ளிரப்படாது."

பக்கத்துக் கட்டிலெல்லாம் சிரிக்கும். சிரித்ததில் அவளுக்கு இருமல் வரும், எனக்குக் குப்பி நிறையும். அந்தச் சளியில்தான் சிறு கிருமி மிக நன்றாக முளைத்தது. ஒரு திங்கட்கிழமை அதை இரண்டாவது தட்டுக்கு மாற்றினேன். மறுநாள் அவள் குணமாகி, வேலைக்கு ஆள் குறைவென்று தோட்டத்திலிருந்து வந்தவர்களோடு நடந்தே கிளம்பிவிட்டாள். பழைய தட்டுகளைக் கொதிநீர்ப் பானையில் போட்டுக் கழுவியாயிற்று, ஆக அந்தத் தட்டு ஒன்றுதான் மிச்சம்.

அதே செவ்வாய்க்கிழமை காலையில் டாக்டரும் மடுல்சீமைப் பக்கத் தோட்டங்களைப் பார்க்கப் போயிருந்தார். வர ஐந்து நாளாகும். நான் தட்டைத் திறந்தேன். நடுவில், வெண்ணெயில் மஞ்சள் கலந்த நிறத்தில் கொழுத்த புள்ளி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதன் மத்தியில் சாம்பல் நிறத்தில் ஒரு துகள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. குனிந்து கம்பி இழுத்தபோது என் நெற்றியிலிருந்து விழுந்த திருநீறு அது.

காதெல்லாம் சூடாகிவிட்டது. நான்கு பேர் மத்தியில் மெத்தப் படித்தவள் என்று நடந்தவள், கடைசித் தட்டில் என் நெற்றியைக் கொட்டிக் கெடுத்திருக்கிறேன். அதைவிட, துடைத்துவிட்டேன் என்று தினமும் சொன்ன பொய் இப்போது வட்டமாக, மஞ்சளாக, எல்லோருக்கும் தெரியும்படி முளைத்து நின்றது. யாரும் பார்க்குமுன் கொதிநீர்ப் பானையில் போட்டுவிடலாம் என்று தட்டைத் தூக்கினேன். மூடியைச் சரிசெய்ய வேண்டி ஜன்னல் பக்கம் திரும்பினேன். வெயில் கூழின் மேல் சாய்வாக விழுந்தது.

மஞ்சள் புள்ளியைச் சுற்றிப் பனித்துளிகள். சிறு கிருமியேதான். கோயில் குளத்தைச் சுற்றி ஆட்கள் நெருங்கி நிற்கிற மாதிரி அந்தப் புள்ளியைச் சுற்றி மட்டும் நின்றன. கிட்ட இருந்தவை பெரிது, தள்ளிப் போகப் போகச் சிறிது, ஒரு விரற்கடைக்கு அப்பால் வெறும் சிவப்பு. கம்பியை நான் தட்டு முழுக்கத்தான் இழுத்திருந்தேன்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

முதல் தட்டில் அது ஏன் வாழ்ந்தது, இரண்டாவதில் ஏன் செத்தது என்று அப்போதுதான் யோசித்தேன். முதல் தட்டில் அதைச் சுற்றி ஊரே இருந்தது. நாங்கள் அக்கறையாகத் தனியே எடுத்துக் குடிவைத்த இடத்தில் யாருமே இல்லை. இந்த மஞ்சள் கிருமி தன் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சிறியதுக்கு வேண்டிய எதையோ கூழில் விடுகிறது போலிருக்கிறது. இரத்தத்தை உடைத்துக் கொடுக்கிறதோ, தானே எதையாவது சுரக்கிறதோ, எனக்குத் தெரியவில்லை. டாக்டர் மேசையில் இருந்த தடித்த இங்கிலீஷ் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்கு விளங்கிய பக்கங்களில் இதைப் பற்றி இல்லை.

சாம்பலும் ஒரு சந்தேகம். திருநீறே சிறு கிருமிக்கு உரமாக இருந்தால்? மறுநாளுக்கு மூன்று தட்டு ஊற்றினேன். புதன்கிழமை காலையில் மூன்றிலும் சிறு கிருமியை இழுத்தேன். ஒன்றை அப்படியே விட்டேன். இரண்டாவதில், வீட்டிலிருந்து கொண்டுவந்த திருநீற்றை இரும்புக் கரண்டியில் சிவக்க வறுத்துத் தூவினேன். மூன்றாவதில் மஞ்சள் கிருமியைக் குறுக்கே ஒரு கோடாக இழுத்தேன். அவசரத்தில் கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

வியாழக்கிழமை காலையில் முதல் தட்டு வெறுமை. திருநீற்றுத் தட்டும் வெறுமை. மூன்றாவதில் மஞ்சள் கோட்டின் இரண்டு கரையிலும் பனித்துளி. கோடு வளைந்த இடத்தில் துளிகளும் கூடவே வளைந்திருந்தன. சிரித்தேன், சத்தமாகவே. வெளியே கூட்டிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

அந்தக் கரையிலிருந்து எடுத்து இன்னொரு தட்டுக்கு, வெள்ளிக்கிழமை அதிலிருந்து வேறொன்றுக்கு. இரண்டாவது தட்டைத் தாண்டாத கிருமி ஐந்தாவது தட்டில் இருந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சள் கோடு போடாத தட்டு ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். அவை வெறுமையாகவே இருந்தன. அந்த நாட்களில் நெற்றியைக் கேட்டில் முந்தானையால் தேய்க்கவில்லை. குழாயடியில் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

சனிக்கிழமை டாக்டர் வந்தார். கூடவே பக்கத்து ஊரான ஹாலிஎலயிலிருந்து ஆசாரியும் உளிப்பையோடு வந்து நின்றார்.

"ஐயா, பலகையெல்லாம் வெயில்ல முறுக்கிக்கிட்டுக் கெடக்கு. இன்னும் ஒரு வாரம் வுட்டா அலமாரி வராது, ஊஞ்சல்தான் வரும்."

"இனிச் சளி எடுக்கவும் ஆளில்லை. இண்டைக்கே தொடங்கும்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்தார். "கடைசித் தட்டும் போச்சுதோ?"

"போகலைங்க ஐயா."

ஐந்தாவது தட்டை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் முகம் சுருங்கியது.

"இரண்டு கிருமி இருக்குது. இது ஊத்தைத் தட்டு. எறியும்."

"வெளிச்சத்துல பாருங்க ஐயா."

"இந்தப் பெரிசு எங்கையிருந்து வந்தது?"

ஆசாரி உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். காற்றிலிருந்து விழுந்தது என்று சொல்லலாம். அவர் நம்பியிருப்பார், எல்லா இடத்திலும் நடப்பதுதான். ஆனால் எங்கிருந்து வந்தது என்று தெரியாத கிருமியால் எதையும் நிரூபிக்க முடியாது. அதுவும் அந்தப் புத்தகத்தில் படித்ததுதான்.

"என் நெத்தியிலருந்துங்க ஐயா. துடைச்சேன்னு பொய் சொன்னேன்."

அவர் தட்டை மூடினார். நான் நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன். மூன்று தட்டு, வறுத்த திருநீறு, வளைந்த கோடு, தேதி வாரியாக எல்லாவற்றையும் வரிசையாக மேசையில் வைத்தேன். வெறும் தட்டுகளையும் வைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு கை கழுவினார், கம்பியைக் காய்ச்சினார், புதுத் தட்டில் தன் கையாலேயே சிறு கிருமியை இழுத்து, குறுக்கே மஞ்சளை இழுத்தார். அவர் கோடு நேராக இருந்தது.

"ஆசாரியார், நீர் திங்கக்கிழமை வாரும்."

"நான் எத்தன வாட்டிங்க ஐயா ஹாலிஎலயிலருந்து நடக்கறது?"

"திங்கக்கிழமை" என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை நான் போக வேண்டியதில்லை, போனேன். எனக்கு முன்னே அவர் அங்கே இருந்தார். தட்டை என்னிடம் நீட்டினார். நேர்க்கோட்டின் இரு பக்கமும் நேராகப் பனித்துளி.

"பொய் சொன்னது பிழை" என்றார். கம்பியை எடுத்து வைத்துவிட்டு, "திருநீற்றை வறுத்துப் பார்க்கவேணும் எண்டு எனக்குத் தோன்றியிராது" என்றார். எனக்கு அது போதாது என்று அன்று தோன்றியது. இன்று போதும் என்று தோன்றுகிறது.

வீட்டில் சொன்னபோது அம்மா கையைக் கூப்பினாள்.

"பாத்தியா, திருநீறுதான் காப்பாத்திச்சு."

"இல்லம்மா. திருநீறு மட்டும் போட்ட தட்டுல ஒன்னும் மொளைக்கல. நெத்தித் தோல்ல இருந்த கிருமிதான்."

"அப்ப எம் புள்ள நெத்தி அழுக்குங்கறியா?"

"எல்லார் நெத்தியிலயும் இருக்குமாம்மா."

"எல்லார் நெத்தியிலயும் இருக்கட்டும். தெனமும் சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி அனுப்பினேன். அந்த டாக்டர் என்னப் பத்தி என்ன நெனைச்சிருப்பாரு!" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அப்பாதான், "நம்ம கடைக் கடற்பாசியிலயா அது மொளைச்சது?" என்று இரண்டு முறை கேட்டார். ஆமாம் என்றதும் துணிக்கடைப் பக்கம் நடந்து போனார், படிக்கக் கடிதம் எதுவும் கையில் இல்லாமலே.

மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. திங்கட்கிழமை ஆசாரி வந்தபோது டாக்டர் அலமாரி வேண்டாம் என்றார். பலகையில் ஒன்றை அறுத்து, இரண்டு கண்ணாடிக் குழாய் நிற்கிற மாதிரி மூடியோடு ஒரு பெட்டி வேண்டும். ரயில் அப்போது பண்டாரவளை வரைதான். அதுவரைக்கும் வண்டியில் குலுங்கிப் போக வேண்டும், அதனால் உள்ளே பஞ்சு வைக்க இடம் விட வேண்டும்.

"இத்துனூண்டு பொட்டிக்கா மூணு வாட்டி நடந்தேன்?" என்றார் ஆசாரி. ஆனால் அழகாகச் செய்தார். இரண்டு துளைகளையும் ஒட்டினாற்போல் போட்டுவிட்டு, "கிட்டக் கிட்ட இருக்கே, ஒன்னோட ஒன்னு இடிச்சுக்காதா?" என்று கேட்டார்.

"பக்கத்துலயே இருக்கட்டும்" என்றேன்.

ஒரு குழாயில் இரண்டு கிருமியும் சேர்ந்து. மற்றதில் மஞ்சள் மட்டும். கொழும்பில் சிறியதைப் புதுத் தட்டுக்கு மாற்றும்போதெல்லாம் அது வேண்டியிருக்கும். அந்தக் காய்ச்சலைக் கொண்டுவந்தது இந்தச் சிறு கிருமிதானா என்பதில் டாக்டர்களுக்கே இப்போது சந்தேகம் என்று சொல்கிறார்கள். இருக்கலாம். நான் பார்த்தது மாறவில்லை. சிறியது பெரியதுக்குத் திருப்பி என்ன கொடுக்கிறது என்றும் பிறகு பலமுறை தேடிப் பார்த்தேன். நான் பார்த்தவரைக்கும் ஒன்றுமில்லை. அதற்காகப் பெரியது அதை விரட்டியதாகவும் தெரியவில்லை. வேறு ஜோடிகள் உண்டா என்று இன்றும் தட்டு ஊற்றிக்கொண்டிருக்கிறேன். மீதி ஐந்து பலகைகளில் எனக்கு ஒரு மேசை ஆயிற்று. கொஞ்சம் முறுக்கிய மேசைதான். ஒரு காலுக்குக் கீழே அட்டை வைத்திருக்கிறேன்.

குழாய்களுக்குச் சீட்டு ஒட்ட வேண்டிய அன்று டாக்டர் கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். அதுவரைக்கும் அவர் குறிப்புகளில் நான் 'கண்ணாடி கழுவும் பெண்'. இந்தக் கடிதத்தில் 'என் உதவியாளர் கண்டது' என்று இருந்தது.

"சீட்டு எழுதும்" என்றார் தலை நிமிராமல். "முதலாவது, மடுல்சீமை. மற்றது எங்கையிருந்து எடுத்ததோ அதை எழுதும்."

பேனாவைத் தொட்டு, சின்ன இடத்துக்குள் அடங்கும்படி, இங்கிலீஷிலும் அதன்கீழ் தமிழிலும் எழுதினேன்: நெற்றி. மை காயும் வரைக்கும் ஊதினேன். பிறகு இரண்டு குழாயையும் பெட்டிக்குள் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, பஞ்சு வைத்து மூடினேன்.